லோடு இறங்கிய பிறகும்

என் சித்தப்பா முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறார். காட்டோரத்து மரமில்லுக்கு இயந்திரச் சாமான் ஏற்றிப் போவார், பலகைகளோடு திரும்புவார். கடைசிக் கட்டு இறங்கியதும், தலைக்கு மேலே கிளிப்பில் மாட்டிய டிரிப் ஷீட்டை உருவி ஆபீஸ் மேஜையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார். போன வழியில் சித்தியோடு போனில் போட்ட சண்டை உட்பட எல்லாம் அத்தோடு சரி. யாராவது கிளறினால், "அதான் லோடு இறங்கியாச்சே" என்பார்.

அந்தக் காட்டில் மலேரியா உண்டு. அதனால் டாக்டர் அவருக்கு டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்திருந்தார். கிளம்புவதற்கு முந்தைய நாளே ஆரம்பித்து, தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. விழுங்கிய கையோடு படுக்கக் கூடாது. "படுக்க எனக்கு எங்கே நேரம்?" என்று அதை உற்சாகமாக ஏற்றுக்கொண்டார். அந்த மாத்திரை போட்டால் வெயில் சீக்கிரம் சுடும் என்பதால், சித்தியின் நீளக் காலுறை ஒன்றின் நுனியை வெட்டி ஜன்னல் பக்கத்துக் கையில் மாட்டிக்கொள்வார். மறந்துவிடக் கூடாது என்று மாத்திரை அட்டையையும் டிரிப் ஷீட்டோடு அதே கிளிப்பில் செருகிவைத்தார். அங்கேதான் வினை.

ஷீட்டை உருவிய அன்று அட்டையும் கூடவே வந்தது. மேஜை டிராயருக்குள் போனது.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் கிடுகிடுக்க எழுந்தார். திங்கட்கிழமை முதலாளியின் புது லாரியை முதல் பயணத்துக்கு எடுக்க வேண்டியவர் அவர். முப்பது வருடமும் அடுத்தவர் உட்கார்ந்து பள்ளமான சீட்டில்தான் ஓட்டியிருக்கிறார். புது சீட்டின் பிளாஸ்டிக் உறையைத் தன் கையால் கிழிக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மிச்ச மாத்திரை டிராயர்ல இருக்கு. நாலஞ்சு ஒரேயடியா போட்டா திங்கட்கிழமைக்குள்ள சரியாயிடும்" என்றார்.

நானும் என் பங்குக்கு, நாடு சுற்றியபோது மிஞ்சிய வேறொரு மலேரியா மாத்திரையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். சித்தி எங்கள் இருவரையும் பக்கத்து மருந்துக்கடை அக்காவிடம் இழுத்துக்கொண்டு போனார்.

"எத்தனை நாள் போட்டீங்க?" என்று அக்கா கேட்டார்.

"லோடு இறங்குற வரைக்கும்."

"காட்டை விட்டு வந்தப்புறம் நாலு வாரம் போடணும்னு கவர்லயே எழுதிக் குடுத்தேனே?"

"கவர்ல பல் குத்துற குச்சி வச்சிருக்கேன்."

"காட்டுல கடிச்ச கொசு விட்ட கிருமி ஈரல்ல ஒளிஞ்சிருந்து, மெதுவாத்தாண்ணே ரத்தத்துக்கு வரும். காலியானது உங்க லாரிதான், நீங்க இல்ல. வந்த காய்ச்சலுக்கு மருந்து வேற. இப்பவே போய் ரத்தத்தைப் பாருங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஊர் சுத்துனது போதாதுன்னு உன் மாத்திரையும் சுத்தணுமா?"

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மலேரியாதான். தடுப்புக்கு என்ன போட்டார், எப்போது நிறுத்தினார் என்று டாக்டர் விசாரித்துவிட்டு, மூன்று நாளுக்கு ஆறு வேளை மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டோடோ பாலோடோ போட வேண்டும், ஒரு வேளையும் விடக் கூடாது, ஒரு வாரத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை காய்ச்சல் விட்டிருந்தது. சித்தப்பா வண்டிச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நாலு வேளைதான் ஆச்சு. பாதி வழியில லோடை இறக்கிட்டு வருவீங்களா?" என்று சித்தி கேட்டார்.

சித்தப்பா சட்டையைக் கழற்றினார். தன் வாயில் வரும் வார்த்தையை இன்னொருவர் வாயில் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் கோந்து வந்தான். சீட்டில் ஒட்டினால் எழமாட்டான் என்பதால் டிரைவர்கள் வைத்த பெயர். புது வண்டி அவன் கைக்குப் போயிருந்தது. வந்தவன் சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வழி கேட்டான். சித்தப்பா வழியை ஐந்து நிமிடமும் மாத்திரையைப் பற்றி அரைமணி நேரமும் சொன்னார்.

"உன் அட்டையையே குடேன்ணே."

"தரமாட்டேன். டாக்டர்கிட்ட உன்னைக் காட்டி, உனக்குன்னு வாங்கு. ஷீட்டோட மாட்டாத. சட்டைப் பையில வை."

பத்து நாள் கழித்து வண்டி திரும்பியது. சித்தப்பா தெம்பாக ஷெட்டுக்கு நடந்தார்; வேடிக்கை பார்க்க நானும் போனேன். கோந்து கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். முதுகுப்பக்கம் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. உள்ளே சீட்டின் பிளாஸ்டிக் உறை ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது.

"கிழிக்கலண்ணே. போக வர வழுக்கிக்கிட்டேதான் ஓட்டினேன். என் பேரே போச்சு. இந்தா, நீயே கிழி."

சித்தப்பா படியில் கால் வைத்தார். பிறகு காலை எடுத்துவிட்டார்.

"மாத்திரை?"

கோந்து சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "காட்டை விட்டு வந்து மூணு நாளாச்சு, இன்னும் இருபத்தஞ்சு இருக்கு. எனக்கு இன்னும் லோடு இறங்கல."

அதன் பிறகுதான் சித்தப்பா ஏறி உட்கார்ந்து, ஒரு ஓரத்தைப் பிடித்து, ஷெட் முழுக்கக் கேட்கும்படி சர்ரென்று கிழித்தார்.