எழுபத்திரண்டு கிலோ

சுபேதார் தம் மலைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்த காலையில், நான் மெக்கானிக்காகச் சேர்ந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, புளியங்குடியில் எலுமிச்சைத் தோப்பு வைத்திருந்தவர் அவர். போன வாரம்தான் என் சொல்லைக் கேட்டு, அதிர்ச்சியைத் தாங்க நூற்று நாற்பது மில்லிமீட்டர் இறங்கும், காற்றடைத்த சஸ்பென்ஷன் ஃபோர்க் ஒன்றை முன்சக்கரத்துக்கு மாட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த ஃபோர்க் நமக்கு வேண்டாம். குற்றாலத்து மலையடியில பாறை விட்டு இறங்குதேன், அடிவரைக்கும் போய் டங்குன்னு முட்டுது. நேத்து ஹேண்டில்பார் தாண்டிப் பறந்திருப்பேன்" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "புத்தகம் படிச்ச பிள்ளைன்னு நம்பி விட்டேன். ஃபோர்க் திரும்பி வந்தா, அது கூடவே நீயும் கிளம்பிரும்மா."

வால்வைச் சோப்பு நீரில் சோதித்தேன், கசிவில்லை. ஓட்டுபவரின் எடைக்கு எவ்வளவு காற்று என்பது ஃபோர்க்கின் காலிலேயே அட்டவணையாக ஒட்டியிருக்கும். கடையின் வாடிக்கையாளர் கார்டில் அவர் எழுதியிருந்த எழுபத்திரண்டு கிலோவுக்கு உரிய காற்று அப்படியே இருந்தது. கையேட்டையும் மறுமுறை படித்தேன். பிழை எதுவும் அகப்படவில்லை. நிமிர்ந்தபோதுதான், சுபேதாரின் சட்டையில் நான்காவது பொத்தான் படும் பாடு கண்ணில் பட்டது.

"எடை எழுபத்திரண்டுதானா, ஐயா?"

"பட்டாளத்துல நிறுத்து எழுதினதும்மா. சந்தேகமா?"

"எந்த வருஷம், ஐயா?"

அவருக்குப் பின்னால் நின்ற முதலாளி என்னை நோக்கிக் கைகூப்பினார். சுபேதாரோ பேச்சை மண்டிக்குத் திருப்பிவிட்டார். "எலுமிச்சையில அரைக் கிலோ குறைச்சு நிறுக்கான், அண்ணாச்சி. விடுவேனா? 'வேற தராசு கொண்டா லே'ன்னு அங்கனயே உக்காந்துட்டேன்."

நான் ஃபோர்க்கில் இருந்த ரப்பர் வளையத்தை அடிவரை இறக்கினேன். ஆள் ஏறி நின்றால், ஃபோர்க் அமிழும் அளவுக்கு அது மேலே தள்ளப்பட்டு, இறங்கிய பிறகும் அங்கேயே நிற்கும்.

"ஒரு தடவை ஏறி நில்லுங்க, ஐயா."

எடைக்குச் சரியான காற்று இருந்தால் இருபத்தெட்டு மில்லிமீட்டரில் நிற்க வேண்டிய வளையம் நாற்பத்தொன்றில் நின்றது.

"வளையம் வழுக்குது" என்றார். மறுபடி ஏறினார். நாற்பத்தொன்று.

"வேற வளையம் கொண்டாரச் சொல்லவா, சுபேதார்?" என்று கேட்டுவிட்டு, முதலாளி அவசரமாக டயர் அடுக்கத் தொடங்கினார்.

வளையம் இருபத்தெட்டுக்கு வரும்வரை சிறிது சிறிதாகக் காற்றேற்றினேன். அந்தக் காற்றுக்கு நேரே அட்டவணையில் இருந்தது தொண்ணூற்று நான்கு கிலோ. அந்த வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டேன். சுபேதார் என் விரலைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

மூவருமாக அவர் சொன்ன பாறைக்குப் போனோம். சுபேதார் இறங்கினார். ஃபோர்க் ஆழ அமிழ்ந்து, சத்தமில்லாமல் எழுந்தது. சிறுபிள்ளை போல இன்னும் மூன்று முறை ஏறி இறங்கினார்.

"ஃபோர்க் இருக்கட்டும், அண்ணாச்சி. பிள்ளையும் இருக்கட்டும்" என்றார்.

"கார்டுல எடையை என்ன எழுத, ஐயா?"

சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எழுபத்திரண்டே இருக்கட்டும்மா. காத்தை மட்டும் இப்ப வச்ச மாதிரி வையி."

அன்று முதல் நான் யாரிடமும் எடை கேட்பதில்லை; ஏறி நிற்கச் சொல்கிறேன். எங்கள் கார்டில் சுபேதார் இன்றும் எழுபத்திரண்டு கிலோதான். ஆண்டுதோறும் சாரல் தொடங்கும்போது சர்வீஸுக்கு வருவார். நான் கொஞ்சம் காற்றுக் கூட்டி அனுப்புவேன்.