வந்தாச்சு

டாக்சி நிறுத்தத்தில் அவருக்கு ‘வந்தாச்சு’ என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். போன் மேப்பில் வண்டியைக் காட்டும் நீலப் புள்ளி, போகவேண்டிய இடத்துக் கொடியைத் தொட்டதோ இல்லையோ, “வந்தாச்சு, எறங்குங்க” என்பார். இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிற பழக்கமெல்லாம் மனுஷனுக்குக் கிடையாது.

“யோவ், ஒசரமான கட்டடத்துக்கு நடுவுல சிக்னல் செவுத்துல முட்டி மோதித்தான் வரும். புள்ளி இருபது மீட்டர் தள்ளி நிக்கும். கொஞ்சம் கண்ணையும் தொறந்து பாருய்யா” என்று கூட்டாளிகள் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள்.

“போய்யா, மேல இருந்து பாக்குற சாட்டிலைட்டுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்!”

அடேயப்பா, என்ன நம்பிக்கை!

அன்று காலை பார்வையில்லாத பெண் ஒருத்தி ஏறினாள். கையில் மடக்குக் கோல், மடியில் சான்றிதழ்கள். ஆசிரியர் வேலைக்கு நேர்காணலாம். ஒன்பதே முக்காலுக்குக் கதவைச் சாத்திவிடுவார்களாம். ஒன்பதரைக்கே புள்ளி கொடியைத் தொட்டது.

“வந்தாச்சும்மா.”

“ஆள் சத்தமே இல்லையே அண்ணே. இந்த எடந்தானா?”

“மேப்பு பொய் சொல்லாதும்மா. சட்டுனு எறங்கு, அடுத்த சவாரி இருக்கு.”

மதியம் அதே கட்டடத்திலிருந்து ஓர் அழைப்பு. காலையில் நிறுத்திய இடத்துக்கே போனார். நீளமான மொட்டைச் சுவர், இரண்டு குப்பைத் தொட்டி. வாசலைக் காணோம். சுற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்கு வந்தால், கேட்டருகே அவள் நிற்கிறாள்.

கைபிடித்து ஏற்றிவிட்ட காவலாளி புலம்பினார். “காலையில எவனோ பின்பக்கம் எறக்கிட்டுப் போயிட்டான். செவுத்தத் தடவித் தடவி சுத்தி வர்றதுக்குள்ள கதவ சாத்திட்டாங்க. இந்தப் பொண்ணு இவ்ளோ நேரம் கெஞ்சியும் பாத்துடுச்சு, ஒண்ணும் நடக்கல.”

அந்த ‘எவனோ’வுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாளே என்று வழி முழுக்க வாயே திறக்கவில்லை. ஐம்பது வயதில், திருடன் மாதிரி மூச்சைக்கூட அடக்கி ஓட்டினார். அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். “கெடைக்கலக்கா. இல்ல, அழல. வீட்டுக்கு வந்து சொல்றேன்.” கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்ன, கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார்.

புள்ளி கொடியைத் தொட்டது. அவர் நிறுத்தவில்லை. கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே இரண்டு வீடு தள்ளிப் போய் நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்துவிட்டார். இனி பேசாமல் முடியாது.

“பதினெட்டாம் நம்பர். இதான் கேட்டு. உள்ள ரெண்டு படி இருக்கும்மா.”

அவள் கோலை விரித்தாள். “நீங்கதான்னு தெரியும் அண்ணே. காலையில சொன்ன அதே வண்டி நம்பரத்தான் இப்பவும் போன் படிச்சுக் காட்டுச்சு.”

“தெரிஞ்சுமா ஏறுன?”

“காலையில தப்பா விட்டவரு, இந்தத் தடவயாவது பாத்து விடுவாருன்னு நெனச்சேன்.”

அவள் படியேறினாள். “மன்னிச்சிடும்மா” என்று அவர் வாய்க்கு வந்தபோது, அந்தக் கதவும் சாத்தியிருந்தது.