நேசனின் பெயர் நின்ற திரை

நேசன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவர் உயிரோடிருந்தபோது அவரைக் கள்ளன் என்று சொன்னவர். போன கிழமை ஒருநாள் காலை, பள்ளிவாசல்துறையிலிருந்து வந்த கருவாட்டைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மதுரங்குளியில் எங்கள் கருவாட்டுக் கடை வீதியின் பெரிய ஹாஜியார் போன் எடுத்துச் சொன்னார்.

"தம்பி, நம்மட நேசன் மோசம் போயிட்டாரு. ஹார்ட்டாம். தங்கமான மனிசன்."

தங்கமான மனிசன் என்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "நம்மட" என்றாரே, அதில்தான் எனக்குக் கோபம் ஏறியது. நான் இதை எழுதுவது அந்தக் கோபத்தில்தான்.

நேசன் போர்க்காலத்தில் வன்னியிலிருந்து புத்தளத்துக்கு வந்தவர். கணினி படித்தவர். எங்கள் வீதிக் கருவாட்டுக் கடைகளுக்கு பில் போடும் புரோகிராமை எழுதித் தந்தவர் அவர்தான். அதைத் திறந்தால் முதலில் "ஆக்கம்: நேசன்" என்று ஒரு திரை வரும், பிறகு வேலை தொடங்கும். மீனவரிடம் வாங்கும் ஈரக் கருவாட்டுக்குக் கழிக்கும் நிறையை பில்லில் காட்டாமல் விட ஏலாதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "பொய் சொல்ல உங்களுக்கு வாய் இருக்குத்தானே அண்ணை, பெட்டியை ஏன் பழக்கிறீங்கள்?" என்றார் கணினியைக் காட்டி. அவர் வாய் அப்படி. அதனாலேயே பலருக்கு அவரைப் பிடிக்காது.

பழைய ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிப் பாதுகாப்பு இல்லை என்றார்கள். எல்லாக் கடைகளிலும் புதியதைப் போட்டோம். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து கணினியைப் போட்டால், புரோகிராம் முதல் திரையிலேயே நின்றுவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. கடை நிறைய ஆட்கள் காத்திருப்பார்கள். திரையில் நேசனின் பெயர் மட்டும் நிற்கும். பின்னேரம் அசர் தொழுகைக்குக் கிட்ட, மூடித் திறந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். சனிக்கிழமை நேசன் வந்து பார்த்தால் ஒரு பிழையும் இராது.

"வெள்ளிக்கிழமைய ஒரு மெசின் எப்புடி அறியும்? ஆள் அறியும்" என்றார் ஹாஜியார். வீதி முழுக்க அந்தக் கதை பரவியது. திருத்துகிற சாட்டில் காசு பிடுங்கப் பூட்டு வைத்திருக்கிறார் என்றார்கள். வேறு ஊரான், வேறு வேதக்காரன், நம்மட நாளைப் பார்த்துச் செய்கிறான் என்றும் பேசினார்கள். நான் சார்ந்த சமூகம் பேசிய பேச்சு இது. பூசி மெழுக மாட்டேன். வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் ஆட்கள் வந்து குடியேறி, அகதி என்ற சொல்லை நாளும் பொழுதும் கேட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு பேசினார்கள். இரண்டு கடைக்காரர்கள் அவரை வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

நான் நேசனிடம் நேரே கேட்டேன். அவருக்கு முகம் சிவந்தது.

"எல்லாரும் ஆர் எண்டு கேக்கிறீங்கள். அப்பிடிக் கேட்டா ஆள்தான் கிடைக்கும், பிழை கிடைக்காது. எப்ப எண்டு கேளுங்கோ. வாற வெள்ளி நான் உங்கட கடையில இருக்கிறன்."

ஆளில்லாக் கடையில் அவரை விட்டுப் போகிறாயா என்று கேட்டவர்களும் உண்டு. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது, நின்றுபோன திரைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க ஹாஜியாரும் வந்திருந்தார். "பெட்டியை ஒருத்தரும் தொடாதீங்கோ. பின்வளவு ஸ்டோருக்குப் போய் மெயின் சுவிச்சைப் போடுங்கோ" என்றார் நேசன். நானே போய்ப் போட்டேன். வந்து பார்க்கும்போது திரை மாறி, தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். உப்புக் காற்று வயரைத் தின்றுவிடும் என்று, ஆளில்லாத ஸ்டோரில் நாங்கள் கரண்ட் விட்டுவைப்பதில்லை. எல்லாக் கடையிலும் அதே பழக்கம். மற்ற நாட்களில் விடிந்ததும் முதலில் ஸ்டோரைத்தான் திறப்போம். வெள்ளி மதியம் மட்டும் கடை முதலில் திறக்கும். ஸ்டோர் ஆட்கள் வீட்டில் சாப்பிட்டு ஆற அமர வருவார்கள். கணினிக்குக் கடையில் ஒரு பிரிண்டர், ஸ்டோரில் ஒரு பிரிண்டர். பழைய சிஸ்டம் கடைப் பிரிண்டரையே வைத்திருந்தது. புதியது, கடைசியாகப் பாவித்த ஸ்டோர்ப் பிரிண்டரைத் தானாகப் பிடித்துக்கொண்டது. புரோகிராம் திறக்கும்போது கரண்ட் இல்லாத அந்தப் பிரிண்டரைக் கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நேசன் நிறுத்தவில்லை. "என்ர பக்கமும் பிழைதான். பதில் வராட்டி விட்டிட்டு மேல போ எண்டு நான் எழுதியிருக்கோணும். இண்டைக்கே எழுதுறன்" என்றார்.

"பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு" என்றார் ஹாஜியார்.

சந்தியில் பரவியது அந்த ஒற்றை வரிதான். வயரும் பிரிண்டரும் ஒருவர் வாயிலும் வரவில்லை. திருத்திய புரோகிராமைப் போட வந்தவரிடம், முதல் திரையில் பெயர் வேண்டாம், பார்த்தால் ஆட்கள் கதைக்கிறார்கள் என்றார் ஹாஜியார். மற்றக் கடைகளும் அதையே கேட்டன. கேட்ட கடைகளிலெல்லாம் எடுத்துக்கொடுத்தார் நேசன். "அண்டைக்கு அவர் சாப்பிடேல்ல" என்று சாவீட்டில் அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

அந்த வீட்டு வாசலில் ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். மேலே நேசனின் படம், கீழே எங்கள் வீதிக் கடைகளின் பெயர்கள். ஹாஜியாரின் கடை முதலாவது. என் கடையைச் சேர்க்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். பந்தலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஹாஜியார், பேரை எடுக்கச் சொன்னது ஆரெண்டு நான் கேக்கல்ல. எப்ப திரும்பப் போடுவீங்க?"

"மனிசன் போன பொறகு அதெல்லாம் எதுக்கு தம்பி?" என்று எழுந்துபோய்விட்டார்.

திரையில் ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். என் கடையில் அது இருக்கிறது. அவர் திருத்திய பிறகு நில்லாமல் ஓடுவதால், கண்ணில் பட்டதும் மறைந்துவிடுகிறது. நேசனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வரியும், எப்ப என்ற கேள்வியும். ஹாஜியாரைக் காணும் போதெல்லாம் கேட்கிறேன், இனியும் கேட்பேன். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு மேலே போக, நேசன் அந்தப் புரோகிராமுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். எனக்குச் சொல்லித்தரவில்லை.