எல்லாரையும் அம்மா என்றவள்

என் மகளை மூன்று வயதில் குழந்தைகள் இல்லத்திலிருந்து தத்தெடுத்துப் பெரம்பலூருக்குக் கூட்டி வந்தோம். கீழே விழுந்து முழங்காலில் ரத்தம் வந்தாலும் அழமாட்டாள். தானே எழுந்து துடைத்துக்கொள்வாள். சமத்து என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். எனக்கு அது சமத்தாகப் படவில்லை.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் நான் தண்ணீர் பாட்டில் வாங்கித் திரும்புவதற்குள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் ஏறப்போனாள்.

"இது உங்க புள்ளையாங்க? என்னைய அம்மான்னு கூப்பிடுது," என்றார் அந்தப் பெண்.

குழந்தை டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"இல்லத்துல பாத்துக்கிட்ட ஆயாங்க மாறிக்கிட்டே இருந்திருப்பாங்க. அழுதா ஒருத்தர் வருவாங்கன்னே அதுக்குத் தெரியாதும்மா. அது கூப்பிடலேன்னாலும் நீங்க போய்த் தூக்குங்க," என்றார்.

அப்படியே செய்தேன். தூக்கினால் கட்டை மாதிரி விறைத்துக்கொள்வாள். ஒன்றரை வருடம் போனது. ஒருநாள் பள்ளியில் கதவிடுக்கில் அவள் விரல் நசுங்கிவிட்டது. தூக்க வந்த டீச்சரைத் தள்ளிவிட்டு, "எங்கம்மாதான் வரணும்," என்று கத்தி அழுதிருக்கிறாள். நான் போனதும் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. அவள் வலியில் அழ, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கமும் பட்டேன்.

இப்போது இரண்டாம் வகுப்பு. நான் வெளியே கிளம்பினால், எப்போது வருவேன் என்று இரண்டு தடவை கேட்கிறாள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறேன்.