சந்தனம் பூசின நாலு டிஸ்க்

டேட்டா மீட்கிற தொழில்ல முதல் ஆளா என்கிட்ட யாரும் வந்ததே கிடையாது. நாலு பேர் நோண்டி, ரெண்டு பேர் தட்டிப் பார்த்து, ஒருத்தர் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்த பிறகுதான் என் படியேறுவாங்க. வேற எவனோ வெட்டிக் கெடுத்த ஜாக்கெட்டைப் பிரிச்சுத் தைக்கிற டெய்லருங்களே, வீட்டுக்காரர் கழட்டிப் போட்ட மிக்சியைப் பையில வாங்கிக்கிற மெக்கானிக்குங்களே, ஊரெல்லாம் சுத்திட்டு வந்த பல்லைப் பார்க்கிற டாக்டருங்களே, நான் சொல்றது உங்களுக்குப் புரியும். நாமெல்லாம் ஒரே கட்சி.

முதலியார்பேட்டையில ஒரு டிபன் கடைக்கு மேல மாடியில என் கடை. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்ல மாட்டிக்கிட்டதை வெளிய எடுத்துத் தர்றது வேலை. எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. வர்றவங்க என்னைப் பார்த்துட்டு "சார் இல்லையா மேடம்?"னு கேட்டா, "சார் போய்ச் சேர்ந்துட்டாரு"ன்னு சொல்ற அளவுக்கு ஜாஸ்தி. அப்படி ஒரு சாரே இருந்ததில்லைங்கிறது வேற விஷயம்.

போன வருஷம் ஆயுத பூஜை முடிஞ்சு ஒரு வாரத்துல ஒரு பெட்டி வந்துச்சு. இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல நான் படற பாடு அத்தனையும் அந்த ஒரு பெட்டிக்குள்ள இருந்துச்சு. அதைத்தான் சொல்லப்போறேன்.

பெட்டியோட வந்தவ

டவுன்ல ஒரு ஜவுளிக்கடை. அதோட மேனேஜர் பைக் டேங்க் மேல பெட்டியை வச்சுக்கிட்டு வந்தாரு. கடையில இருக்கிற அத்தனை கேமராவும் பதிவாகிற பெட்டி. உள்ள நாலு டிஸ்க். அவர் பின்னாடியே ஸ்கூட்டில வந்து இறங்கின ஒரு பொம்பளை, அவரை முந்திக்கிட்டு மாடியேறிட்டா. பேரு அஞ்சலாட்சி. காலாப்பட்டு பக்கம் மீனவக் குப்பம். அந்தக் கடையில பட்டு செக்‌ஷன்ல பல வருஷமா சேல்ஸ்ல இருந்தவ.

விஷயம் இதுதான். ஒரு கல்யாண வீட்டுக்காரங்க எடுத்து, ஓரம் அடிக்கக் குடுத்துட்டுப் போன முகூர்த்தப் புடவையைக் காணோம். பூஜைக்கு முதல் நாள் கடைசியா அதைக் கையில வச்சிருந்தது அஞ்சலாட்சின்னு சொல்லி, கஸ்டமருங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே முதலாளி அவளைத் திருடின்னுட்டாரு. வேலையும் போச்சு. "கேமராவுல பாருங்க"ன்னு இவ சொல்லியிருக்கா. கேமராப் பெட்டி செத்துக் கிடந்துச்சு. பெட்டியைக் கெடுத்ததும் இவதான்னு ஒரு பேச்சு வேற.

வேற யாரா இருந்தாலும் அழுதுட்டு வீட்டோட இருந்திருப்பாங்க. இவ தெனமும் காலைல கடை திறக்கிற நேரத்துக்கு, அந்தக் கடை யூனிஃபார்ம் புடவையையே கட்டிக்கிட்டுப் போயி வாசல்ல நின்னிருக்கா. சத்தம் கிடையாது, மறியல் கிடையாது. உள்ள போற கஸ்டமருங்க "ஏம்மா வெளிய நிக்கிற?"னு கேட்டா மட்டும் நிதானமா, விவரமா பதில் சொல்லுவா. முதலாளிக்கு அதுதான் தாங்கலை. பெட்டியை என்கிட்ட அனுப்பிட்டாரு.

"நீங்க கடை ஆளாம்மா?"ன்னு கேட்டேன். மேனேஜர் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவளே சொன்னா: "கடை ஆளாத்தான் இருந்தேன். இப்ப பெட்டியோட வந்தவ. இது எங்க போவுதோ அங்க நானும் போவேன்க்கா."

பொட்டு

பெட்டியைத் திறந்தேன். நாலு டிஸ்க்கும் மங்களகரமா உக்காந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், அது நடுவுல குங்குமம். டிஸ்க்குக்குக் காத்து போக வர ஒரு சின்னத் துளை உண்டு. இதை மூடாதேன்னு பக்கத்துலயே அச்சடிச்சிருப்பான். ஒரு டிஸ்க்ல பொட்டு கரெக்டா அந்தத் துளை மேல. குறி பார்த்து வச்ச மாதிரி.

மேனேஜர் பெருமையா விளக்கினாரு. பூஜைக்குக் கடை முழுக்கத் துடைச்சாங்களாம். கல்லாப்பெட்டிக்குப் பொட்டு வச்சாச்சு, தையல் மிஷினுக்கு வச்சாச்சு, கேமராப் பெட்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு, நாலு டிஸ்க்கையும் உருவித் துடைச்சு, தாம்பாளத்துல வச்சுக் கற்பூரம் காட்டி, திரும்பச் சொருகிட்டாங்களாம். "எந்த வரிசையில சொருகினீங்க?"ன்னு கேட்டேன். "வரிசையா? நாலும் ஒரே மாதிரிதான மேடம் இருக்கு?"ன்னாரு.

இந்த மாதிரிப் பெட்டி எதையும் முழுசா ஒரே டிஸ்க்ல எழுதாது. நறுக்கி நாலுக்கும் பங்கு போடும். ஒண்ணு படுத்துட்டாலும் மத்த மூணை வச்சுக் கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு கணக்கையும் கூடவே எழுதி வைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனா இந்தப் பழைய பெட்டிக்கு எது மொதல், எது ரெண்டாவதுன்னு மாறிட்டா குழம்பிடும். எனக்குத் தலை சூடாயிடுச்சு. "பெட்டியைக் கெடுத்தது அஞ்சலாட்சின்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, பொட்டு வச்சது யாரு?"ன்னு கேட்டுட்டேன். மேனேஜர் பட்டுப் பட்டுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு: "நான்தான் மேடம். ஆனா சாமி காரியத்தைப் போயி கெடுத்தேன்னு சொல்லாதீங்க, பாவம் வந்துடும்."

மரியாதையான கேள்வி

கதை அதோட முடியலை. பூஜைக்கு அப்புறம் பெட்டி பீப் பீப்புன்னு விடாம கத்தியிருக்கு. கேமரா மாட்டிக் குடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்காங்க. அவர் என்ன பண்ணாருன்னு தெரிஞ்சுக்க போன் போட்டேன்.

திரையில ஒரு கட்டம் வந்துச்சாம். பழசை எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கவான்னு கேட்டுச்சாம். இந்தக் கேள்வி வந்தா கை ரெண்டையும் கக்கத்துல சொருகிக்கிட்டு நாலடி தள்ளி நிக்கணும். யாராவது நிக்கிறாங்களா? எதையாவது குடுன்னு கேட்டா யோசிக்கிறவன்கூட, அழிக்கவான்னு கேட்டா உடனே தலையாட்டறான். நல்லவேளை, அது பழசு மேல புதுசா எழுத ஆரம்பிக்கிறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. யூபிஎஸ்ஸைத் துடைக்கிறதுக்காகக் கழட்டினவங்க திரும்ப மாட்டலை. கரண்ட் கட்டுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டது வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான். "அப்படிக் கேட்டா யோசிக்க மாட்டீங்களாய்யா?"ன்னு கத்தினேன். அந்த ஆள் குரல்ல ஒரு வருத்தமும் இல்லை: "அழிச்சிடவான்னு மரியாதையா கேட்டுச்சு மேடம், நானும் சரின்னுட்டேன்."

வராதுன்னு ஒரு பேப்பர்

மறுநாள் முதலாளியே போன்ல வந்தாரு. குரல்ல வெல்லம். "வந்துச்சுன்னா அந்தப் பொண்ணு புடவையை எடுக்கிற இடத்தை மட்டும் வெட்டிக் குடுங்க மேடம், மத்ததெல்லாம் எதுக்கு? வரலைன்னா இன்னும் நல்லது. வராதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க, அவ கையில குடுத்து அனுப்பிடறேன்."

அவளுக்கு அந்தப் பெட்டி ஒண்ணுதான் சாட்சி. வேலைய ஆரம்பிக்கவே இல்லை, அதுக்குள்ள அதுக்குக் கருமாதி பத்திரிகை அடிக்கச் சொல்றாரு! எனக்கு வந்துச்சே கோபம். என் கடையில ஒரு வழக்கம் உண்டு. மீட்டு எடுத்ததை முதல் தடவை என் மேசையிலதான் போடுவேன், சம்பந்தப்பட்டவங்க எதிர்ல உக்காந்து பார்க்கணும். அப்புறமா அது இல்லை, இது மாறிடுச்சுன்னு என் தலையை உருட்டக் கூடாது பாருங்க. "அன்னிக்கு அஞ்சலாட்சியும் இருப்பா. முழுசாத்தான் போடுவேன். வெட்டறது தைக்கிறதெல்லாம் உங்க டெய்லர்கிட்ட வச்சுக்குங்க. இஷ்டமில்லைன்னா இப்பவே வந்து பெட்டியை எடுத்துட்டுப் போங்க, பொட்டுகூட அழியலை"ன்னேன்.

பெட்டியை எடுத்துட்டுப் போயிடுவாருன்னுதான் நினைச்சேன். வாசல்ல நிக்கிறவ ஞாபகம் வந்திருக்கும். "நீங்க டிஸ்க் பாக்குறீங்களா, கோர்ட்டு நடத்துறீங்களா?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டாரு.

பாதி மூஞ்சி

இந்த வேலையில முதல் பாடம், அடிபட்ட டிஸ்க்ல கை வைக்காதே. அப்படியே நகல் எடுத்து, நகல்ல விளையாடு. மூணு டிஸ்க் சமத்தா நகல் குடுத்துச்சு. துளையில பொட்டு வாங்கின நாலாவது, டிக் டிக்குன்னு அடிச்சுக்கிட்டு ஒத்துழைக்கவே மாட்டேன்னுடுச்சு. போடா உன் சங்காத்தமே வேணாம்னு ஓரமா வச்சிட்டேன். மூணு இருந்தா போதும். ஆனா எது எதுக்கு அடுத்ததுன்னு தெரியணுமே? மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தேன். ஒரு தடவை மேல பாதி கல்லா, கீழ பாதி செருப்பு விடற இடம். இன்னொரு தடவை ஒரு அம்மாவுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்துல ஃபேன் சுத்துது.

வாசல்ல நின்னுட்டு, அஞ்சலாட்சி நேரா இங்க வந்துடுவா. ஸ்டூல்ல உக்காந்து திரையையே பார்த்துக்கிட்டு இருப்பா. வேற ஜவுளிக்கடைல வேலை கேட்டிருக்கா. "அந்தக் கடை அஞ்சலாட்சியா நீ?"ன்னு கேட்டுட்டு, அப்புறம் சொல்லி அனுப்பறோம்னுட்டாங்களாம். மார்க்கெட்ல மீன் விக்கிற அவங்க அம்மாகிட்டயும் வாடிக்கைக்காரங்க துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறாங்களாம். "வேலை போனா போவுது, வேற இன்னா வேலையும் செய்வேன். இந்தப் பேரோட மட்டும் செய்ய முடியாதுக்கா"ன்னா. பொய் சொல்லி ஆறுதல் சொல்ற பழக்கம் எனக்கு இல்லை.

"வராமலும் போகலாம் அஞ்சலாட்சி. வந்து, உனக்கு எதிரா ஏதாவது இருந்துட்டாலும் நான் மறைக்க மாட்டேன்"னு சொல்லிட்டேன். அவ கண்ணைத் திரையை விட்டு எடுக்கவே இல்லை: "நான் இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியும்க்கா. தெரியாதவங்க பயப்படட்டும்."

முதல் காட்சி

கேமராப் படத்துல மூலையில கடிகாரம் ஓடும். வரிசை தப்பா இருந்தா அது உடைஞ்சு போயி எங்கெங்கயோ தாவும். ஒரு நாள் மத்தியானம் அது ஒழுங்கா, நொடி நொடியா நடக்க ஆரம்பிச்சுது. நான் போட்ட கூச்சல்ல கீழ தோசை ஊத்திக்கிட்டு இருந்தவர் கரண்டியோட மாடிக்கு வந்துட்டாரு. கடிகாரம் ஓடுதான்னு மட்டும் பார்த்தேன், மேல எதையும் பார்க்கலை. வழக்கம்னா வழக்கம்தான்.

முதலாளி, மேனேஜர், அஞ்சலாட்சி மூணு பேரும் வந்தாங்க. அவ உக்கார மாட்டேன்னுட்டா. போட்டேன். பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம், கடையில நல்ல கூட்டம். அஞ்சலாட்சி புடவையைக் கவர்ல போட்டு, பேர் எழுதின சீட்டைக் குத்தி, டெலிவரி அலமாரியில வச்சுட்டு அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போயிட்டா. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் நெத்தி நிறைய விபூதியோட ஒரு வெள்ளைச் சட்டை வருது. வேற ஒரு குடும்பத்தோட கவரை எடுக்குது. சீட்டைக்கூடப் பார்க்காம பக்கத்துல இருந்த இந்தக் கவரையும் சேர்த்து எடுக்குது. ரெண்டையும் அவங்க கையில குடுத்து, மேல ஒரு பொரி பாக்கெட்டும் வச்சு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சு, மாடிப்படி வரைக்கும் போயி வழியனுப்புது.

அந்த வெள்ளைச் சட்டை என் எதிர்லதான் உக்காந்திருந்தாரு, சாட்சாத் முதலாளி. மேனேஜர் என் சீலிங் ஃபேனை ஆராய்ச்சி பண்ண ஆரம்பிச்சிட்டாரு. அங்கயே போன் போட்டாங்க. கருவடிக்குப்பத்துக் குடும்பம், கூடுதலா ஒரு கவர் இருக்கிறதே தெரியாம, தீபாவளிக்குப் பிரிக்கலாம்னு பீரோவுல வச்சிருக்காங்க. கல்யாணப் பொண்ணு தப்பிச்சா. முதலாளி தொண்டையைச் செருமிக்கிட்டு, "கூட்டத்துல கை தவறிடுச்சு. சரி சரி, நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடும்மா, பழசை விட்டுடு"ன்னாரு. மன்னிப்பா கேட்டாரு அந்த மனுஷன்? நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அஞ்சலாட்சி முந்திட்டா. "எல்லார் எதிர்லயும்தான என்னைத் திருடின்னீங்க? எல்லார் எதிர்லயும் இதைப் போடுங்க. அது வரைக்கும் வாசல்லதான் நிப்பேன்." முதலாளி மெதுவா என் பக்கம் சாய்ஞ்சு, ரகசியமா கேட்டாரு: "மேடம், இதை மறுபடி அழிச்சிட முடியுங்களா?"

ரெண்டாவது காட்சி

அழிக்கிற வேலை நான் எடுக்கிறதில்லைன்னு சொல்லிட்டேன். அஞ்சலாட்சி இன்னும் ரெண்டு நாள் வாசல்ல நின்னா. மூணாவது நாள் காலைல கடை திறந்ததும் பட்டு செக்‌ஷன்ல டிவியை வச்சாங்க. அஞ்சலாட்சி கூப்பிட்டிருந்தா, நானும் போயிருந்தேன். எல்லா மாடி ஆளுங்களும் வந்துட்டாங்க. சீக்கிரமா வந்த கஸ்டமருங்களும் புடவையைக் கையில வச்சுக்கிட்டே நின்னு பார்த்தாங்க. வெள்ளைச் சட்டை பொரி பாக்கெட்டை எடுத்துக் குடுக்கிற இடத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அத்தனை நாள் கோபமும் இறங்கிடுச்சு.

படம் முடிஞ்சுது. முதலாளி ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு, "தப்பு என்மேலதான்"னு பாதி வாயில முணுமுணுத்துட்டு, "போதுமாம்மா?"ன்னு கேட்டாரு. அஞ்சலாட்சி நிதானமா திரும்பி, கூட்டத்தை ஒரு தடவை பார்த்துட்டுச் சொன்னா: "பின்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரியலை முதலாளி. இன்னொரு தடவை போடுங்க."

மொத்தத்துல நம்ம தொழில் இவ்வளவுதாங்க: போனது வேணும்னு வர்றவங்கள்ல பாதிப் பேர், வந்ததைப் பார்த்ததும் அது போனதே தேவலைன்னு நினைக்கிறாங்க.