கருகிய மோட்டாரும் என் பயோடேட்டாவும்

மெல்போர்னில் நம்மைத் திருத்துகிறவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் திருத்துகிறார்கள். நாங்கள் வந்த ஐந்தாம் மாதம், வேலை தேடுகிறவர்களுக்காக நடந்த வகுப்பில், மார்கரெட் என்ற பெண்மணி என் பயோடேட்டாவை மேசையில் விரித்துப் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தார். தகப்பனார் பெயர், ஒரு கோடு. பிறந்த தேதி, ஒரு கோடு. மதம், கல்யாணம் ஆனவளா, கணவர் என்ன செய்கிறார், சொந்த ஊர் காரமடை, எல்லாவற்றுக்கும் கோடு. மூலையில் ஒட்டியிருந்த போட்டோவை நகத்தால் நோண்டியெடுத்துப் பத்திரமாக என் கையிலேயே கொடுத்தார். 'நிறம்: கோதுமை' என்ற வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது. "மாடலிங் வேலைக்குப் போகிறீர்களா?" என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

அது காந்திபுரத்தில் டைப் அடிக்கிறவர் செய்த வேலை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடிப்படிக்கு அடியில் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். கல்யாணத்துக்குக் கொடுப்பதற்கும் கம்பெனிக்குக் கொடுப்பதற்கும் அவரிடம் ஒரே அச்சுதான். "வேலைக்குத்தானுங்க, நிறமெல்லாம் எதுக்குங்க?" என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "இருக்கட்டும் அம்மணி. கேட்டாங்கன்னா மறுக்கா வந்து நிக்கோணுமல்லங்க," என்று அடித்து முடித்து, மேற்கண்டவை யாவும் உண்மை என்று கையெழுத்தும் போடவைத்தார். ஊரிலிருந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்களுடையதையும் அவரே அடித்திருக்கக்கூடும்.

கோடு போட்டதில் எனக்குக் கோபம் இல்லை. தகப்பனார் பெயரையும் ஊரையும் விசாரித்து நாசூக்காகச் சாதியைத் தெரிந்துகொள்வது எங்கள் பக்கத்து மரியாதை. அந்த வரிகளால் திறந்த கதவுகளையும் பார்த்திருக்கிறேன், சாத்திய கதவுகளையும் பார்த்திருக்கிறேன். போகட்டும். ஆனால் மார்கரெட் அடுத்த பக்கத்துக்குப் போனார். கோயமுத்தூர் கணபதியில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ஒரு பட்டறையில் நான் பதினோரு வருடம் பார்த்த வேலை அங்கே ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அதையெல்லாம் சுருக்கி, 'மின் வேலை, வெளிநாடு' என்று ஒரே வரியாக எழுதினார். இரண்டரைப் பக்கம் இருந்த நான் அரைப் பக்கம் ஆனேன். எனக்கு வெளிநாடு இதுதான். கணபதி எப்படி வெளிநாடாகும்? வாய்வரைக்கும் வந்தது. இங்கிலீஷ் வரவில்லை. தேங்க் யூ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள் வீட்டில். நான் பட்டறைக்குப் போனேன். பவானிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் எந்தத் தோட்டத்தில் மோட்டார் புகைந்தாலும், அது ஒரு டெம்போவில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்துவிடும். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால் போதும். காயில், அதாவது உள்ளே சுற்றிய செப்புக் கம்பி, முழுக்க ஒரே சீராகக் கருகியிருந்தால் பாரம் தாங்காமல் போயிருக்கிறது. ஒரு பாகம் புதுசுபோல மின்ன, மற்ற இரண்டு பாகமும் கரியாகியிருந்தால் கரண்டில் மூன்று பேஸில் ஒன்று வரவில்லை. வராதபோதும் கண்டென்சர் பெட்டியை மாட்டி மோட்டாரை ஏமாற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. அது வேறு விதமாகக் கருகும். அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தோட்டக்காரர் ரங்கநாதர்மேல் சத்தியம் செய்தார். "கண்டென்சரை நான் கண்ணுலகூடப் பாத்ததில்லீங்க அம்மணி."

"ஏனுங்க, நீங்க பாக்கலீன்னாலும் உங்க மோட்டாரு பாத்திருக்குதுங்களே," என்றேன்.

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தென்னம்புள்ளை காயுதுங்க. கரண்டு வர்றவரைக்கும் அது காத்துட்டு நிக்குமுங்களா?" என்று கடைசியில் உண்மையைச் சொன்னார். கருகின காயிலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் படித்ததிலேயே ஒழுங்கான பயோடேட்டா அதுதான்.

மார்கரெட்டின் அரைப் பக்கத்தை நகலெடுத்து ஊரெல்லாம் அனுப்பினேன். பதில் போட்டவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை. என் கணவர் ஊரில் மில் ஆபீஸில் இருந்தவர், இங்கே சூப்பர் மார்க்கெட்டில் டப்பா அடுக்குகிறார். "பிஸ்கட் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாமா. திங்கக்கெழம வரச் சொல்லிப்போட்டாங்க. போய்ச் சேந்துக்கோ அம்மணி," என்றார். "ஏனுங்க, எனக்கு வேலை தெரியாதுங்களா?" என்றேன். "தெரியாதுன்னு ஆரு சொன்னாங்க? கேக்கறதுக்குத்தான் இங்க ஆளில்ல," என்றார். பக்கத்து வீட்டு அக்கா யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சர். அந்தப் பிஸ்கட் கம்பெனியில் 'தற்சமயத்துக்கு' என்று சேர்ந்து மூன்று வருடமாக டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை உள்ளே போனால் நானும் வெளியே வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். பயமாக இருந்தது.

பயம் கொஞ்ச நேரத்தில் கோபமாக மாறியது. தப்பு எழுத்தில் இல்லை, தாளில் இருக்கிறது என்று பட்டது. என் பயோடேட்டா ஒரு அறையாக இருக்க வேண்டும். படிக்கிறவர் உள்ளே நுழைந்ததும், காயிலுக்கு ஊற்றுகிற வார்னிஷ் நெடியில் இருமவேண்டும். செப்புக் கம்பி கிழித்த என் விரல்களைத் தொட்டுப் பார்க்கவேண்டும். சத்தியம் செய்கிற தோட்டக்காரருக்கு எதிரில் நின்று பதில் சொல்ல வேண்டும். கம்பி சுற்றி முடித்த மோட்டாருக்கு முதல் சுவிட்சை அவரே போட்டுப் பார்க்கவேண்டும். அதற்கப்புறம் லோக்கலா இல்லையா என்று சொல்லட்டும்.

வெள்ளிக்கிழமை, தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு, நகரத்தின் மேற்கே ஒரு மோட்டார் பட்டறைக்கு வெறுங்கையோடு போனேன். முதலாளி கிரெக் என்னை வாடிக்கைக்காரி என்றே நினைத்தார். "மோட்டாரைக் காரில் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றார்.

"இல்லை. உங்களுடையதைக் கொடுங்கள்."

"விற்பதற்கு இங்கே எதுவும் இல்லையே."

"வாங்க வரவில்லை. படிக்க வந்தேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேலைக்கு வந்தவள் என்று விளங்கியதும், "சாரி லவ், லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்..." என்று ஆரம்பித்தார். லவ் என்பது இங்கே நம்ம அம்மணி மாதிரி. "மோட்டார் கருகுவதில் லோக்கல் எது?" என்று கேட்டுவிட்டு, கதவோரம் குவித்திருந்த மோட்டார்களில் மூடி கழற்றிய ஒன்றின்முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பாகம் கரி, ஒரு பாகம் மினுமினுப்பு. கிரெக்கின் கையைப் பிடித்து உள்ளே விட்டேன். தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பேஸ் போன பிறகும் ஓட்டியிருக்கிறார்கள். வெட்டவெளியில் நின்றது. இதற்குமுன்னும் ஒருமுறை கம்பி சுற்றியிருக்கிறார்கள், சுற்றியவர் அவசரக்காரர், வார்னிஷ் காய்வதற்குள் எடுத்துவிட்டார்.

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் வெடித்துச் சிரித்தார். கிரெக்கின் முகம் சிவந்தது. அந்த அவசரக்காரர் கிரெக்தான். வாசலைப் பார்த்தேன். வேலை போனது என்றே நினைத்தேன். வார்த்தையை மாற்றிச் சொல்லியிருக்கலாம், மனம் வரவில்லை. அரைப் பக்கமாக உள்ளே போவதைவிட முழுசாக வெளியே போவது மேல்.

கிரெக் குனிந்து, தானே மறுபடியும் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "அந்த வாரம் வேலை அதிகம்," என்று அவரும் கடைசியில் உண்மையைச் சொன்னார். அப்புறம் மேசையிலிருந்து, வேலையில் சேருகிறவர்களுக்கான படிவம் ஒன்றை எடுத்தார்.

அனுபவம் என்ற இடத்தில் அவர் பூஜ்யம் எழுதினார். பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டுப் பதினொன்று என்று எழுதினேன். என்னை ஏறிட்டுப் பார்த்தார். பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எந்த ஊரில் என்று கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கோயமுத்தூருக்கு இங்கிலீஷில் பத்தெழுத்து. படிவத்தில் இருந்தது எட்டே கட்டம். "இதுவரைக்கும் போதுமா?" என்றார். "போதாது," என்றேன். மீதி இரண்டெழுத்தைக் கட்டத்தைத் தாண்டி ஓரத்து வெள்ளையில் நெருக்கி எழுதினார். அந்தப் பட்டறையின் கோப்பில் என் ஊர் இன்றைக்கும் அப்படியே கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயுமாக இருக்கிறது. வேண்டுமானால் அவர்கள் கட்டத்தைப் பெரிசாக அச்சடித்துக்கொள்ளட்டும்.