முட்டைக்காரி வீட்டுப் பத்தியம்

ஒதியம்பட்டிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் காலை பஸ்ஸில் செலின் மேரி ஏறினால் கண்டக்டரே சத்தம் போட்டு இடம் பிடித்துக் கொடுப்பார். மரியாதை அவளுக்கு இல்லை, அவள் மடியில் இருக்கும் கூடைக்கு. கூடையில் உமி, உமிக்குள் நூறு நாட்டுக்கோழி முட்டை. ஒரு நாள் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டதில் பத்து முட்டை உடைந்துபோக, வில்லியனூர் தாண்டும்வரை அவள் திட்டிய திட்டில் பஸ்ஸில் இருந்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாய் அப்படி. கை மட்டும் சுத்தம். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் ஒரு முட்டையையும் விற்க மாட்டாள். கூமுட்டை என்று டவுனில் எந்த வீட்டிலிருந்தும் அவளுக்குத் திரும்பி வந்ததில்லை.

அவளைக் கட்டிக்கொண்டவன் சவரிநாதன், சொந்த அத்தை மகன். டவுன் மில்லில் வேலை, சைக்கிளில் போய் வருவான். செலினுடைய அப்பாவும் சவரிநாதனின் அம்மாவும் கூடப் பிறந்தவர்கள். நெருங்கின சொந்தமாயிற்றே என்று பங்குச் சாமியார் மேலிடத்துக்கு எழுதி, அனுமதி வாங்கி, அதற்குப் பிறகுதான் கோயிலில் கல்யாணம் நடந்தது. எல்லாம் முறைப்படிதான். அந்தக் குடும்பத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. முப்பது வயது தாண்டினால் கண் இமையோரத்தில் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக வரும். ஊரில் அதைத் தங்கம் ஒட்டின கண்ணு என்பார்கள், பெருமையாகவேதான் சொல்வார்கள். செலினுடைய அப்பா நாற்பத்தோரு வயதில் ஏர் ஓட்டும்போதே விழுந்து செத்தார், அத்தை ஐம்பதைத் தாண்டவில்லை. வெயில் அடிச்சிட்ச்சி, ஏதோ காத்து பட்டுட்ச்சி என்று சொல்லிக் குழி மூடினார்கள். கண்ணையும் சாவையும் சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துப் பிறந்தது லூசி. ஒரே பிள்ளை. ஆறு வயதில் அவளுடைய விரல் மொளியில் மஞ்சள் மஞ்சளாகக் கட்டி வந்தது. பிறகு முழங்கை, பிறகு குதிகால். மரு என்று நினைத்து முடியைச் சுற்றிக் கட்டினார்கள், சுண்ணாம்பு வைத்தார்கள், வில்லியனூர் மாதா குளத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். எதற்கும் கரையவில்லை. லூசிக்கு எட்டு வயதானபோது, எழுபத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில், செலின் ஒரு நாள் கூடையை வீட்டில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே டாக்டர் சிவப்பிரகாசம் என்று ஒருத்தர், சின்ன வயசு. பிள்ளையின் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், எழுந்து போய் இன்னும் நாலு டாக்டர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னா சார், எம்புள்ள இன்னா பொருட்காட்சியா? இன்னான்னு சொல்லிட்டுப் பாருங்க.”

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இரத்தம் எடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி, அப்போது பொறுமையாக விளக்கினார். கொலஸ்ட்ரால் என்று ஒரு கொழுப்பு. சாதாரண ஆளுக்கு இரத்தத்தில் இருநூறு இருக்கும், லூசிக்கு எழுநூற்றிருபது. மிஞ்சினதுதான் கட்டியாகத் தோலில் நிற்கிறது. தோலில் நிற்பது பரவாயில்லை, இதயத்துக்குப் போகிற குழாயிலும் அது ஒட்டும்.

“மாத்திரை இருக்கும்மா. கூடவே சாப்பாட்டுலயும் கட்டுப்பாடு வேணும். முட்டை, கறி, நெய், பால், தேங்காய் எல்லாம் நிறுத்தணும். ரெண்டும் சேர்ந்தா கொஞ்சம் இறங்கும். முழுசா இறங்காது.”

செலின் காதில் ‘இறங்கும்’ மட்டும்தான் விழுந்தது. பெற்றவள் காது வேறு எப்படி இருக்கும், சொல்லுங்கள்!

மாத்திரையை விழுங்கின கால் மணி நேரத்தில் லூசியின் முகம் சிவந்தது, கழுத்து சிவந்தது, மார்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. பிள்ளை பாவாடையைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முதலில் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஒரு நாளைக்கு மூன்று வேளை. பதினைந்து நாள் செலின் பார்த்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

“டாக்டர் குடுத்தத முழுங்கட்டும் புள்ள. எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுது,” என்றான் சவரிநாதன்.

“நீ மில்லுக்குப் பூடுற மாமா. கத்தறத கேக்கறவ நானு.”

“அப்ப இன்னா செய்யப் போற?”

“வாயக் கட்டப் போறேன். வெசம் இன்னா மாத்திரையிலயா எறங்குது? வெசம் உள்ள போறதே வாய் வழியாத்தான. அந்த வழிய அடைச்சிட்டா?”

அவள் டாக்டரிடம் போய் மன்றாடினாள். மூன்று மாதம், மூன்றே மூன்று மாதம் சாப்பாட்டிலேயே பார்க்கிறேன் என்றாள். டாக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, மூன்று மாதம் கழித்து இரத்தம் பார்ப்போம், இறங்கவில்லையென்றால் மறுபடி மாத்திரை என்று ஒத்துக்கொண்டார். வெளியே வரும்போது பக்கத்து வரிசையில் ஒரு பருத்த மனுஷரிடம் வேறொரு டாக்டர், ‘தினம் ரெண்டு மைல் நடங்க, கொழுப்பு கரையும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். செலின் அதையும் காதில் வாங்கி முடிந்துகொண்டாள். கெட்டிக்காரி இல்லையா!

அன்றிலிருந்து அந்த வீட்டில் பத்தியம் தொடங்கியது. ஈஸ்டருக்கு முன்னால் தவக்காலம் நாற்பது நாளும் ஒரு வேளை மட்டும் தின்று ஒருசந்தி இருக்கிற குடும்பம்தான், ஆனால் இது முடிவில்லாத தவக்காலம். எண்ணெய் கிடையாது, தேங்காய் கிடையாது, மீன்கூட வேண்டாம் என்று அவளாகவே சேர்த்துக்கொண்டாள். கேழ்வரகுக் கூழ், கீரை, வேகவைத்த காய். ஈஸ்டருக்குத் தெருவே கறி மணக்க, இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ரசம் சாதம் தின்றார்கள். விடிந்ததும் லூசியை வில்லியனூர்க் கோயில்வரை நடத்திக்கொண்டு போவாள், நடத்திக்கொண்டு வருவாள். பிள்ளை வழியில் உட்கார்ந்தால், “கொழுப்பு கரையுதுடி, எழுந்திரு,” என்பாள். சவரிநாதன் பீடியை விட்டான். தினம் நூறு முட்டையை எண்ணி உமியில் அடுக்குகிற வீட்டில் ஒரு முட்டைகூட அடுப்பேறவில்லை.

ஆனால் முட்டை விற்கப் போகிறவள் நாளெல்லாம் பிள்ளையைக் காவல் காக்க முடியுமா? பக்கத்து வீட்டுக் காசம்மாள்தான் லூசியைப் பார்த்துக்கொள்வாள். அங்கேயும் கோழி உண்டு. அப்போது பார்த்து லூசிக்குக் கோயிலில் முதல் தடவையாக அப்பம் தரும் புதுநன்மைக்கு ஞானோபதேச வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இன்னின்னது அற்பப் பாவம், இன்னின்னது சாவான பாவம், சாவான பாவத்தோடு நன்மை வாங்கினால் அது ஆண்டவருக்குச் செய்யும் துரோகம் என்றெல்லாம் பிள்ளை வீட்டில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். செலினுக்கு ஒரு யோசனை வந்தது. பாழாய்ப்போன யோசனை!

“லூசி, முட்டை துன்றதும் கறி துன்றதும் உனுக்கு சாவான பாவம். மத்தவங்களுக்கு இல்ல, உனுக்கு மட்டும். டாக்டரு சொல்றது ஆண்டவரு சொல்ற மாதிரி. தெரிதா?”

“சரிம்மா,” என்றாள் லூசி. நல்ல பிள்ளை. எது சொன்னாலும் நம்புகிற பிள்ளை.

மூன்று மாதம் கழித்து இரத்தம் பார்த்தபோது அறுநூற்றுத் தொண்ணூறு. முப்பது இறங்கியிருந்தது! செலின் ஆஸ்பத்திரி வாசலிலேயே முழங்கால் போட்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள். டாக்டர் மறுபடி மாத்திரையை எடுத்தார். பத்தியமே போதும் என்று அவள் விடவில்லை. மூன்று மாதத்துக்கு முப்பது என்றால், இருநூறுக்கு வர நாலு வருஷம் சொச்சம் ஆகும். லூசி பெரிய மனுஷியாகும் வயதில் எல்லாம் கரைந்து சரியாகப் போயிருக்கும். பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தாள். கணக்கில் தப்பே இல்லை.

புதுநன்மை வாங்கினாள் லூசி. வெள்ளைக் கவுன், தலையில் பூ முடி. மறுவாரமே பள்ளிக்கூடம் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது, அம்மாவிடமும் சொல்லவில்லை. அடிக்கடி வர ஆரம்பித்த பிறகுதான், கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் கோயில் பாதையில் உதடு நீலம் பாய்ந்து நின்றுவிட்ட பிறகுதான், செலினுக்குத் தெரிந்தது. தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எழுநூற்றுப் பத்து.

“எப்படி சார்? ஒரு சொட்டு எண்ணெ குடுக்கலியே! தெனம் ரெண்டு மைலு நடக்க வச்சேனே!”

“நடக்க வச்சீங்களா?” என்றார் டாக்டர். லூசியின் நீலம் பாய்ந்த உதட்டைப் பார்த்தார். பிறகு, “நீங்க சொந்தத்துல கட்டினவங்களாம்மா?” என்று கேட்டார்.

அவர் சொன்னது இதுதான். இது வாய் வழியாக வந்த வியாதி இல்லை. இவள் உடம்பே அந்தக் கொழுப்பைத் தயாரிக்கிறது. அப்பனிடம் பாதி, ஆத்தாளிடம் பாதி வாங்கி முழுசாகப் பிறந்திருக்கிறாள். சாப்பாட்டால் முப்பது இறங்கும், முப்பது ஏறும், அவ்வளவுதான். இதயக் குழாய் அடைத்துவிட்டது. அதைத் திறக்க இங்கே வழி இல்லை.

“அப்ப மாத்திரை குடுங்க சார். எரிஞ்சா எரியட்டும்.”

“இனிமே அதால பிரயோஜனம் இல்லம்மா.”

“மொதல்லேர்ந்தே குடுத்திருந்தா?”

“அப்பவும் இங்கதான் வந்து நின்னிருக்கும். கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம்.”

“கொஞ்சம்னா? மாசமா, வருசமா?”

“தெரியாதும்மா. தள்ளிப் போகாமலும் இருந்திருக்கலாம்.”

மாசமா வருசமா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில், “பத்தியம் எல்லாம் போதும்மா. பிள்ளை என்ன ஆசைப்படுதோ குடுங்க,” என்றார்.

லூசி அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தாள். அந்த ஏழு வாரமும் செலின் கூடை தூக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே சவரிநாதன் போய் ஆட்டுக்கறி வாங்கி வந்தான். தேங்காய் அரைத்து, நெய் ஊற்றி, நாலு முட்டை அவித்துப் போட்டு, செலின் ஒரு வருஷத்துச் சமையலை ஒரே வேளையில் செய்தாள். பிசைந்து ஊட்டப் போனால் பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“துன்னுடி கண்ணு. டாக்டரே துன்னச் சொன்னாரு.”

“வேணாம்மா. சாவான பாவம்.”

“பாவம் இல்லடி. அம்மா சும்மா சொன்னது அது. நீ துன்னக் கூடாதுன்னு பொய் சொன்னேன்.”

லூசி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். “இப்பதாம்மா பொய் சொல்ற. நான் ஒரு தபா துன்னுட்டேன்.”

“எப்போ?”

“காசம்மா அத்த வூட்ல. முழுசா இல்ல, பாதி முட்டை. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லணும்னுதான் போனேன். வெக்கமா இருந்துச்சி, சொல்லல. அப்பிடியே நன்மையும் வாங்கிட்டேன். மறுவாரத்துலேர்ந்துதான் நெஞ்சு வலிக்குது.”

பஸ்ஸையே வாயடைக்க வைத்தவள் சோற்றுக் கையோடு எழுந்து தெருவில் ஓடினாள். சாமியாரின் காலில் விழுந்து கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் லூசியின் பக்கத்தில் உட்கார்ந்து, அது பாவமே இல்லை மகளே, ஆண்டவர் ஒரு முட்டைக்காக யாரையும் தண்டிக்க மாட்டார் என்று நிதானமாகச் சொல்லி, தலையில் சிலுவை போட்டுவிட்டுப் போனார். லூசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். செலின் மறுபடி ஒரு கவளம் எடுத்தாள். வாய் திறக்கவில்லை.

“கேட்டியாடி? சாமியாரே சொல்லிட்டாரு. அது உன் தப்பு இல்லடி! என் ரத்தம்டி அது, உங்கப்பன் ரத்தம்டி. நாங்க குடுத்ததுடி உனுக்கு!” செலின் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

லூசி எழுந்து உட்கார்ந்து, மஞ்சள் கட்டி நிறைந்த அந்தச் சின்னக் கையால் அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“சாமியாரு நல்லவரும்மா, எனுக்கு உடம்பு சரியில்லன்னு அப்பிடிச் சொல்றாரு. நீ அழாத. நான் துன்னதுக்கு நீ இன்னாம்மா பண்ணுவ?”